மூடிய ஆலையின் மண்ணில் மாசு இருக்கிறதா? தேடும் முறையின் எளிய விளக்கம்

திருநெல்வேலிப் பக்கம் பல வருடம் மூடிக் கிடந்த ஆலை நிலம் ஒன்று பிளாட் போட்டு விலைக்கு வருகிறது என்றால், டீக்கடையில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "அந்த மண்ணு பூரா விஷம்லா, அங்க போயி யாராவது வீடு கட்டுவாவளா?" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, போர் தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்தாச்சு, டிடிஎஸ் அறுநூறுதான்" என்பார் விற்க வந்தவர். இருவர் கையிலும் ஆதாரம் இல்லை. முதலாமவர் எதையுமே அளக்கவில்லை. இரண்டாமவர் நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவை (அதுதான் டிடிஎஸ்) அளந்திருக்கிறார், ஆனால் அளந்ததற்கும் அவர் சொல்லும் முடிவுக்கும் தொடர்பு கிடையாது.

தூத்துக்குடியில் தாமிர உருக்காலை 2018 மே மாதம் மூடப்படுவதற்கு முன்னும் பின்னும் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசாத வீடு இந்தச் சீமையில் குறைவு. அத்தனை பேச்சிலும் அடிப்படையான ஒன்று விடுபட்டே போனது: மண்ணும் நீரும் கெட்டிருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தால் உண்மை வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆய்வகம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எதைக் கேட்பது, எந்த இடத்தில் எந்த ஆழத்தில் எடுத்த மாதிரியிடம் கேட்பது என்று முடிவு செய்வதுதான் இந்த ஆய்வில் பெரும்பகுதி வேலை. சோதனைக் குழாய் கடைசியில்தான் வரும்.

ஒரு தட்டு மணலும் சொட்டு நீலமும்

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலை மூன்று விரல் உயரத்துக்குப் பரப்பி, முக்கால்வாசி நனையும்படி தண்ணீர் விடுங்கள். ஒரு பக்கத்தின் அடியில் தீப்பெட்டியை வைத்து லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப் பக்கத்தில் ஓரிடத்தில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, அதன்மேல் காய்ந்த மணலைத் தூவி மறைத்துவிடுங்கள். பிறகு மேட்டுப் பக்கமாக அரை டம்ளர் தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள்.

சிறிது நேரம் கழித்து மேலிருந்து பார்த்தால் மணல் மணலாகத்தான் தெரியும். ஒரு ஸ்ட்ராவை அங்கங்கே செருகி எடுத்துப் பாருங்கள். நீலம் விட்ட இடத்துக்கு மேட்டுப் பக்கம் செருகினால் சுத்தமான மணல் வரும். பக்கவாட்டில் நாலு விரல் தள்ளிச் செருகினாலும் சுத்தம். சரிவின் தாழ்ந்த திசையில் மட்டும் நீலம் ஒரு நாக்குப் போல நீண்டு, போகப் போக அகன்று, வெளிறிப் போயிருக்கும். இன்னும் இரண்டு முறை தண்ணீர் தெளித்தாலும் நீலம் முழுசாகப் போய்விடாது. மணல் பருக்கையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நிலத்துக்கு அடியில் நடப்பதும் இதுவே. தரையின் மேல்பகுதியில் மண் பருக்கைகளுக்கு இடையே காற்றும் ஈரமும் கலந்திருக்கும். கீழே போகப் போக ஓர் ஆழத்துக்குப் பிறகு எல்லா இடைவெளியிலும் நீரே நிற்கும். அந்த எல்லைக்கு நிலத்தடி நீர்மட்டம் என்று பெயர். நீரைத் தேக்கி, கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும் மண் அல்லது பாறை அடுக்கு நீர்த்தாங்கி. அதிலுள்ள நீர் தொட்டியில் கிடப்பதுபோல் அசையாமல் கிடப்பதில்லை. ஆறு போல ஓடுவதும் இல்லை. மிக மெதுவாக, உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு நகர்கிறது. மணல் அடுக்கில் மட்டச்சரிவு கிலோமீட்டருக்கு 2 மீட்டர் என்று வைத்தால், வருடத்துக்குப் பத்து இருபது மீட்டர் என்பது இயல்பான வேகம். ஆலையில் 1980-ல் கொட்டியது, நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் தோட்டக் கிணற்றுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருக்கலாம். "ஆலையை மூடி இருபது வருசமாச்சு, இனி என்ன?" என்ற கேள்விக்கு இதனால்தான் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது.

நீரோட்டத் திசையில் நீண்டு செல்லும் அந்தக் கெட்ட நீர்ப்பகுதியை மாசுத் தாரை என்று இந்தக் கட்டுரையில் அழைப்போம்.

சுருக்கமாக: மாசு எல்லாத் திசையிலும் பரவுவதில்லை. ஒரு திசையில் தாரையாகப் போகிறது, மெதுவாகப் போகிறது, போகும் வழியில் மண்ணிலும் ஒட்டிக்கொள்கிறது. தவறான இடத்தில் தோண்டினால் கெட்டுப்போன நிலமும் நல்ல நிலமாகவே தெரியும்.

மூன்று கேள்விகள்

மாசு ஆய்வாளர் ஒரு நிலத்துக்குள் கால் வைக்கும்போது மனதில் வைத்திருப்பது மூன்று விஷயங்கள். நஞ்சு எங்கிருந்து கிளம்புகிறது? அது மூலம். எதன் வழியாகப் போகிறது? மண், நிலத்தடி நீர், காற்றில் எழும் தூசு, மழைநீர் ஓடும் ஓடை, இவை பாதை. யாரைப் போய்த் தொடுகிறது? கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர், மண்ணில் விளையாடும் பிள்ளை, வாய்க்காலில் குளிப்பவர், வயல், மீன், இவர்கள் பெறுநர்.

மூன்றும் ஒரே சங்கிலியில் இணைந்தால்தான் ஆபத்து. மூலம் இருந்தும், கான்கிரீட் தளத்துக்கு அடியில் அடைபட்டு, நீருக்கும் எட்டாமல் கிடந்தால் இப்போதைக்கு யாருக்கும் கேடில்லை. அந்தத் தளத்தை உடைத்து வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் அன்றைக்கே பாதை திறந்துவிடும். பழைய ஆலை நிலத்தைப் பிளாட் போடும்போது நிகழும் பெரிய மாற்றம் இதுதான். நிலம் பழையதேதான், பெறுநர் புதியவர். அதுவும் தவழ்கிற குழந்தை உட்பட.

தோண்டுவதற்கு முன்னால் விசாரணை

உதாரணத்துக்காகக் கற்பனையாக ஒரு நூற்பாலையை வைத்துக்கொள்வோம். 1960-களில் தொடங்கி 1990-களில் மூடியது. நூல் நூற்றதோடு சாயமும் போட்டார்கள். பாய்லர் இருந்தது, டீசல் ஜெனரேட்டர் இருந்தது, டிரான்ஸ்பார்மர், இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை எல்லாம் இருந்தன. இப்போது சுற்றுச்சுவரும் வேலிக்கருவையும் மட்டும் மிச்சம்.

இங்கே முதல் கட்ட வேலை முழுக்கக் காகிதத்திலும் வாய்ப்பேச்சிலும்தான். ஆலையின் பழைய வரைபடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணைகள், சர்வே எண்ணுக்குரிய புலப்படம், பழைய செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கிறார்கள். எந்த வருடம் எந்தக் கொட்டகை முளைத்தது, எந்தப் பள்ளம் எப்போது தூர்ந்தது என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துவிடும்.

ஆனாலும் வரைபடத்தில் வராத செய்தி பழைய தொழிலாளிகளிடம்தான் இருக்கிறது. சாயக் கழிவு எந்தக் குழியில் போனது, மழைக்காலத்தில் எந்தப் பக்கம் திறந்துவிட்டார்கள், பாய்லர் சாம்பலை எங்கே மட்டப்படுத்தினார்கள், டீசல் தொட்டி எப்போது ஒழுகியது என்று பாய்லர் பார்த்த பெரியவர் கைகாட்டிச் சொல்லிவிடுவார். அவரைப் போன்றவர்கள் எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் அவர்களிடம் போய் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். லட்ச ரூபாய்க்கு எடுத்த மாதிரிகள் தராத விவரத்தை ஒரு மாலைப் பேச்சு தந்துவிடும்.

இந்த விசாரணையில் கிடைப்பது ஒரு பட்டியல். சாயக்கூடம் இருந்த இடத்தில் உப்பு, குரோமியம், செம்பு தேட வேண்டும். அந்தக் காலத்தில் சில சாயங்களை நிலைநிறுத்த டைகுரோமேட் என்ற குரோமிய உப்பைப் பயன்படுத்தியது உண்டு. டீசல் தொட்டி இருந்த இடத்தில் எண்ணெயும் பென்சீன் வகையறாவும். டிரான்ஸ்பார்மர் மேடையில் பழைய எண்ணெயில் கலந்திருக்கக்கூடிய பிசிபி என்ற நஞ்சு. பட்டறையில், இயந்திரப் பாகங்களின் பிசுக்கைக் கழுவிய டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள். பேட்டரி அறையில் ஈயம். ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய கேள்வித்தாள் இப்படித்தான் உருவாகிறது. இந்தப் பட்டியல் இல்லாமல் எடுத்த மாதிரியில் "எல்லாம் சரி" என்று வந்தால், அதற்கு அர்த்தம் "கேட்டது மட்டும் சரி".

ஒவ்வொரு நஞ்சும் ஒவ்வொரு நடை

மக்கள் பேச்சில் அதிகம் குழம்புகிற இடம் இது. "கெமிக்கல் எறங்கிட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இறங்குவதில் எத்தனையோ வகை.

உப்பும் நைட்ரேட்டும் நீரில் கரைந்து, நீர் போகும் வேகத்திலேயே போகும். மண் அவற்றைப் பிடித்து வைப்பதில்லை. மாசுத் தாரையின் முன்முனையில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் உப்புச் சுவைதான்.

ஈயம் நேர் எதிர். களிமண் பருக்கையை இறுகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மண்ணில் பல வருடம் போனாலும் மேலே ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே கிடக்கும். ஆகவே ஈயம் கலந்த நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் நன்றாகவே இருக்கலாம். ஆபத்து தரை மண்ணிலும் தூசியிலும் இருக்கும். மண்ணைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் முதல் அடி. தண்ணீரை மட்டும் சோதித்து நிலத்துக்கு நற்சான்று கொடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்று இதிலிருந்து புரியும்.

குரோமியத்துக்கு இரண்டு முகம். மூவிணைதிற வடிவம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், நஞ்சும் குறைவு. அறுவிணைதிற வடிவம் நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கழிவு, ஆலை நின்ற பிறகும் மழைக்கு மழை நிலத்தடி நீருக்குள் மஞ்சளாக இறங்கியது இந்த இரண்டாவது வடிவத்தால்தான். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஏறக்குறைய இரண்டு பெரிய தண்ணி லாரி.

டீசல் தண்ணீரைவிட இலேசானது. கீழே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் படலமாக மிதக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் ஏறும்போது படலமும் ஏறும். கோடையில் மட்டம் இறங்கும்போது கூடவே இறங்கும். இப்படி வருடா வருடம் ஏறி இறங்கி ஒரு தடித்த மண் பட்டை முழுவதிலும் எண்ணெயைப் பூசிவிடும். மழை முடிந்த கையோடு மாதிரி எடுத்தால் எண்ணெய் படிந்த பட்டை நீருக்குள் மூழ்கிக் கிடக்கும், கிணற்றில் எண்ணெயே தெரியாது. அதே கிணறு சித்திரையில் நாறும்.

டிரைகுளோரோஎத்திலீன் வகைக் கரைப்பான்கள் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானவை. அவை நீர்மட்டத்தில் நிற்பதில்லை. ஊடுருவிக்கொண்டு கீழே கீழே போய், பாறையின் வெடிப்புக்குள் தங்கி, அங்கிருந்து பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். தேடுவதிலும் நீக்குவதிலும் இதைவிடக் கஷ்டமானது குறைவு.

சுருக்கமாக: எந்த நஞ்சைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் தேடுவது என்பது மாறும்.

நெல்லைச் சீமையின் மண்

தாம்பாளத்தில் ஒரே சீரான மணலை வைத்தோம். நம் நிலம் அப்படி இல்லை. ஆற்றங்கரையில் வண்டல், மானூர் பக்கமும் வடக்கேயும் கரிசல், மேற்கே செவல், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மணல். இவற்றுக்கு அடியில் பெரும்பாலும் கடினப் பாறை.

கரிசல் நனைந்தால் நீரை எளிதில் விடாது. அதனால் பாதுகாப்பு என்று தோன்றும். கோடையில் அதுவே கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. வெடிப்பு வழியாக முதல் மழைநீர் நேராகக் கீழே போய்விடும். தேரி மணலுக்கு இந்தச் சிக்கலே இல்லை, ஊற்றியது இறங்கும்.

கடினப் பாறையில் கதை வேறு. மேலே சிதைந்த பாறையும் சரளும், கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்பு. போர் போடுகிறவர்கள் ஊற்று என்று சொல்வது இந்த வெடிப்பைத்தான். வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ மாசும் அந்தப் பக்கம். ஆலையை ஒட்டிய வீட்டு போரில் தண்ணீர் தெளிவாக இருக்கும், மூன்று தெரு தள்ளி இருப்பவர் வீட்டில் கெட்டுப்போயிருக்கும். "பக்கத்து வீட்டுக்கே ஒண்ணும் ஆகல, உமக்கு மட்டும் எப்படி வே?" என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை. இரண்டு போரும் வேறு வேறு வெடிப்பில் நீர் குடிக்கலாம்.

சுண்ணாம்புப் பாறை இருக்கும் இடத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். 2021 கடைசியில் பெய்த மழையில் திசையன்விளை அருகே ஆயன்குளத்துக் கிணற்றுக்குள் வெள்ளம் நாள்கணக்கில் விழுந்தும் கிணறு நிரம்பவில்லை. ஊரே கூடிப் பார்த்தது நினைவிருக்கும். சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தது. சுண்ணாம்புப் பாறை நீரில் கரைந்து உருவான குகைப் பாதைகள் கீழே இருந்து, நீரைத் தொலைவுக்கு இழுத்துக்கொண்டு போயின. அன்றைக்குப் போனது மழைநீர், சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு அது வரம். அப்படிப்பட்ட நிலத்தில் கழிவு இறங்கினால் வருடத்துக்கு இருபது மீட்டர் என்ற கணக்கெல்லாம் செல்லாது.

குளங்களையும் மறக்கக்கூடாது. தாமிரபரணிக் கால்வாய்களில் தொடுக்கப்பட்ட குளம் பெருகியிருக்கும்போது நீர் குளத்திலிருந்து சுற்று நிலத்துக்குக் கசியும். குளம் வற்றி, தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நாளில் நிலத்தடி நீரின் திசையே திரும்பக்கூடும். பிசான நெல் நிற்கும் நாளில் ஒரு முறையும், கோடையில் ஒரு முறையுமாகக் குறைந்தது இரண்டு பருவத்தில் அளக்காத ஆய்வை இந்த ஊரில் முழுமையானது என்று ஏற்க முடியாது.

மண்ணை எடுப்பது

இப்போதுதான் தோண்டல். பட்டியலில் உள்ள சந்தேக இடங்களில் நெருக்கமாகவும், மிச்ச நிலத்தில் கட்டம் போட்டு சீரான இடைவெளியிலும் மண் எடுக்கிறார்கள். சந்தேக இடத்தில் மட்டும் எடுத்தால் யாருக்கும் தெரியாமல் புதைத்தது தப்பிவிடும். கட்டம் மட்டும் போட்டால் சிறிய குழி இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். ஒவ்வோர் இடத்திலும் மேல் ஒரு சாண் தனியாக, அரை மீட்டர், ஒரு மீட்டர், அதற்குக் கீழ் என்று ஆழவாரியாகத் தனித்தனியே எடுக்க வேண்டும்.

செலவைக் குறைக்கப் பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்புவது உண்டு. ஓரிடத்தில் எல்லைக்கு ஐந்து மடங்கு நஞ்சு இருந்து, மற்ற ஒன்பதும் சுத்தம் என்றால், கலவையில் வருவது எல்லையில் பாதி. காகிதத்தில் நிலம் தேறிவிடும். அறிக்கையில் கலவை மாதிரி என்று கண்டால் எத்தனை இடத்து மண் என்று கேளுங்கள்.

இதோடு ஆலைக்குச் சம்பந்தமில்லாத, அதே வகை மண் உள்ள இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். இயற்கையாகவே அந்த மண்ணிலும் நீரிலும் இருக்கும் அளவு அதில் தெரியும். இதைப் பின்னணி அளவு என்பார்கள். நம் மாவட்டத்தில் இது மிக முக்கியம். சுண்ணாம்புப் பாறையால் கடினத்தன்மை, கடலோரத்தில் உப்பு, சில பாறைகளால் புளூரைடு, உரத்தாலும் செப்டிக் தொட்டியாலும் நைட்ரேட் என்று ஆலையே இல்லாத ஊரிலும் தண்ணீர் சோதனையில் தவறும். பின்னணியோடு ஒப்பிடாமல் ஆலைமேல் பழி போட்டால் வழக்கு நிற்காது. பின்னணியைக் காட்டி ஆலை தப்பிக்கவும் விடக்கூடாது. இரண்டுக்கும் இந்த ஓர் எண்தான் தீர்வு.

கண்காணிப்புக் கிணறு

வீட்டு போரில் மாதிரி எடுப்பது எளிது. ஆனால் அதில் மேல் மண்ணுக்குத்தான் கேசிங் குழாய் இருக்கும், கீழே பாறை திறந்து கிடக்கும். பல ஆழத்து நீரும் கலந்து வரும். ஆகவே ஆய்வுக்கென்று தனியாகக் குறுகலான கிணறு போடுகிறார்கள். தேவையான ஆழத்தில் மட்டும் துளையுள்ள குழாய், சுற்றிலும் சல்லி, அதற்கு மேல் நீர் புகாத பெண்டோனைட் களிமண் அடைப்பு, மேலே சிமெண்ட். அந்த ஆழத்து நீர் மட்டுமே உள்ளே வரும். இதுவே கண்காணிப்புக் கிணறு. இந்த அடைப்பு இல்லாமல் சந்தேக நிலத்தில் ஆழ போர் போடுவது ஆபத்தான காரியம். மேலே தங்கியிருந்த மாசுக்கு அந்தத் துளையே கீழே இறங்கும் வழியாகிவிடும்.

குறைந்தது மூன்று கிணறு, முக்கோணமாக வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரே அடிப்படை உயரத்திலிருந்து அளந்தால்தான் நீர் எந்தத் திசையில் சரிகிறது என்பது கணக்கில் வரும். அதன் பிறகு மேட்டுப் பக்கம் ஒன்று, மூலத்தின் அருகே ஒன்று, தாழ்ந்த திசையில் சில என்று கிணறுகளைச் சேர்த்து, தாரையின் நீளமும் அகலமும் எங்கே முடிகிறது என்று வரைகிறார்கள்.

மாதிரி எடுக்கும் விதத்திலும் பல கட்டுப்பாடு. குழாயில் நாள்கணக்கில் நின்ற நீர் நீர்த்தாங்கியின் நீர் இல்லை, அதை இறைத்துவிட வேண்டும். 4 அங்குலக் கிணற்றில் 10 மீட்டர் நீர் நின்றால் ஏறத்தாழ 80 லிட்டர். அதைப்போல மூன்று மடங்கு இறைப்பது பழைய வழக்கம். உலோகத்துக்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து வைக்காவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிவிடும். பென்சீன் போல ஆவியாகும் பொருளுக்கு, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் சிறு கண்ணாடிக் குப்பியை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். காலியான கோலா பாட்டிலில் பிடித்து வெயிலில் பைக்கில் கொண்டுபோன தண்ணீரில் பென்சீன் இல்லை என்று வந்தால் வியப்பதற்கு எதுவுமில்லை. மாதிரியை யார் எடுத்தார், எத்தனை மணிக்கு யார் கையில் மாறியது என்ற பதிவுச்சீட்டும் கூடவே போக வேண்டும்; நீதிமன்றத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

அறிக்கையை வாசிப்பது

டிடிஎஸ் என்பது நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு. கையில் பிடிக்கும் மீட்டர் நீரில் மின்சாரம் பாய்வதை அளந்து அதைக் கணிக்கிறது. பென்சீனும் கரைப்பான்களும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, ஆகவே மீட்டருக்கு அவை தெரியாது. ஈயத்துக்குக் குடிநீர் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல ஐந்து மடங்கு ஈயம் இருந்தாலும் 600 என்ற எண் 600 ஆகவேதான் நிற்கும். ஆலை நிலத்தில் இந்த மீட்டரை நீட்டி "நல்ல தண்ணி" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கொதிக்க வைத்தால் போதும் என்ற அறிவுரையும் இங்கே உதவாது. கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும், நீர் வற்ற வற்றச் செறிவு கூடவும் செய்யும்.

அடுத்து, அறிக்கையில் "பிடிஎல்" என்று மூன்றெழுத்து பார்ப்பீர்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று பொருள். பலரும் அதைப் பூஜ்யம் என்று வாசிக்கிறார்கள். அந்தக் கருவியால் ஈயத்தை 0.1 மில்லிகிராமுக்கு மேல்தான் காண முடியும் என்றால், எல்லையைவிட ஒன்பது மடங்கு ஈயம் இருந்தாலும் அங்கே பிடிஎல் என்றே அச்சாகும். கண்டறியும் எல்லை என்ன என்ற எண் அறிக்கையில் இருக்க வேண்டும். அது குடிநீர் எல்லையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருந்தாலும், நீங்கள் கேட்ட அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அறிக்கையின் தேதியையும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை இந்தப் பகுதியில் மேல்மண்ணையே பல இடத்தில் இடம் மாற்றிப் போட்டது. வெள்ளம் ஏறிய நிலத்துக்கு அதற்கு முந்தைய மண் அறிக்கை இன்று போதாது.

சுருக்கமாக: எண்ணைப் பார்ப்பதற்கு முன், எங்கே, எப்போது, எந்த ஆழத்தில், எதைத் தேடி, எவ்வளவு நுட்பமாக அளந்தார்கள் என்ற விவரத்தைப் பாருங்கள்.

எவ்வளவு சுத்தம் போதும்?

மாசு உறுதியானால் மண்ணைத் தோண்டி அகற்றலாம், கழுவலாம், மூடி அடைக்கலாம், நீரை இறைத்துச் சுத்தம் செய்யலாம். எந்த முறை என்பதைவிட எந்த அளவு வரை என்பதில்தான் சண்டை வரும். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்ததைக் கண்டுபிடித்ததிலிருந்து விவகாரம் தொடங்கியது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. நிலத்தைச் சுத்தம் செய்ய, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று குடியிருப்புக்குரிய அளவைக் குறித்தார்கள். கீழே பாம்பார் சோலை, அதன் ஓடைகள், மீன்கள் இருக்கும்போது வீட்டு நிலத்துக்குரிய அளவு எப்படிப் போதும் என்று எதிர்ப்பு கிளம்பியது. பெறுநர் யார் என்ற கேள்வி அங்கேயும் கடைசிவரை வந்தது.

நம் கற்பனை நூற்பாலை நிலம் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஆகப்போகிறதா, வீடாகப்போகிறதா, பள்ளிக்கூடமாகப்போகிறதா என்பதைப் பொறுத்து அளவு மாறும். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற மனை என்ற விளம்பரம் சாலை அகலம், பூங்கா ஒதுக்கீடு, நிலப் பயன்பாடு பற்றியது. மண்ணின் நஞ்சு பற்றி அது பேசுவதில்லை.

எங்கே போய்க் கேட்பது?

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த தளங்கள் மேலாண்மை விதிகளை அறிவித்தது. இதன்படி சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். மாசு இருக்கலாம் என்று தெரிந்தால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. சுத்தம் செய்யும் செலவு மாசுபடுத்தியவரின் பொறுப்பு. கதிரியக்கம், சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, நகராட்சிக் குப்பைமேடு ஆகியவை இதில் வராது. அவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு.

எனவே கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்கள் "ஆலையால் தண்ணீர் கெட்டுவிட்டது" என்று ஒரு வரி எழுதினால் அது எங்கேயோ போய்ச் சேரும். நிலத்தின் சர்வே எண், ஆலை எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்ன செய்தது, கழிவுக் குழியும் எண்ணெய்த் தொட்டியும் சாம்பல் மேடும் எங்கே இருந்தன என்று கையால் வரைந்த படம், அதைச் சொன்ன பழைய தொழிலாளியின் ஒப்புதலோடு அவர் வாக்குமூலம், சுற்றிலும் எந்தெந்தக் கிணற்றில் எந்த மாதம் நிறமோ நாற்றமோ மாறியது என்ற குறிப்பு, அந்தத் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வையுங்கள். கோரிக்கையாக, மண்ணும் நிலத்தடி நீரும் இரண்டு பருவத்தில், பின்னணி மாதிரியோடு சோதிக்கப்பட வேண்டும் என்றும், தேட வேண்டிய பொருள்களின் பெயரை வரிசையாகவும் எழுதுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதை வாங்கி, அதில் உள்ள எண்ணையும் தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள். 90 நாள் கடந்த பிறகு கேட்பதற்கு அவை வேண்டும்.